இருளாயி கிண்டிய சிவப்பு டொபி

நிவித்திகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயம்மா இருளாயியைத் தெரியாத பிள்ளை கிடையாது. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும் முன்னே கைக்குழந்தைகளை அவள் மடியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மாரியம்மன் திருவிழாவன்று, அந்தப் பிள்ளைகள் பேரில் ஒரு தட்டு தேங்காய் டொபி கிண்டி அம்மன் காலடியில் வைப்பது அவள் பொறுப்பு. பூசை முடிந்தால் தட்டு பிள்ளைகளுக்கு. நல்ல செக்கச்செவேலென்று இருக்கும். கலர்ப் பொடியை டவுனில் கடை வைத்திருக்கிற நஸீம் நானா கடுதாசியில் மடித்துத் தருவார். அதில் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது.

டொபியைத் துண்டு போட்ட பிறகு சட்டியை வழிப்பது அவள் புருஷன் ஐயாவு. தேயிலை ஸ்டோரில் வேலை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு என்பதால் அவரே பிள்ளை மாதிரி அடுப்படியில் குந்திக்கொள்வார்.

"தட்டுல உள்ளது அம்மனுக்கு. சட்டியில உள்ளது இந்தச் சாமிக்கு" என்பார்.

"இந்தச் சாமிக்கு வயித்தால போனா என்னையக் கூப்புடக் கூடாது" என்பாள் அவள். சொல்வாளே ஒழிய, அவருக்கென்றே அடியில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வைப்பாள். திருவிழாவுக்கும், வீட்டுக்கென்று கிண்டுகிற தீபாவளி, பொங்கலுக்கும் இருபத்திரண்டு வருஷம் அப்படி வைத்தாள்.

2001இல் ஐயாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, ஈரலில் புற்று என்றார்கள். கட்டில் விரிப்பு மாற்ற வந்த சிங்களப் பெண் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "அக்கே, உங்க ஆளு கலர் போட்ட பண்டம் நிறையச் சாப்பிடுவாரா? அதெல்லாம் நேரா ஈரலுக்குத்தான் போகுமாமே."

கேட்டுவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். இருளாயி இருபத்திரண்டு வருஷத்துச் சட்டிகளை மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஆறாவது வாரம் ஐயாவு கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். மத்தியான நேரம், மழை பெய்து ஓய்ந்து, ஏணைகளில் பிள்ளைகள் தூங்கும்போது, லயத்து வீடுகள் பக்கமிருந்து கரண்டியால் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் வரும். மெதுவாக, ஆசை ஆசையாக. எழுந்து ஓடிப் போய்ப் பார்ப்பாள். அவள் வீட்டுக் காம்பரா பூட்டியிருக்கும். திறந்தால் சட்டி ஆணியில் தொங்கும், கழுவியது கழுவியபடி. திரும்பி வந்து உட்காருவாள். மறுபடியும் கேட்கும். முருகா முருகா என்று சொல்லிப் பார்த்தாள். காதைப் பொத்தினால் இன்னும் கிட்டத்தில் கேட்டது. நானே ஊட்டிக் கொன்றுவிட்டேன் என்று யாரிடம், எந்த வாயால் சொல்வது?

மறுவருஷம் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. பூசாரி முத்துவீரன் வந்தார்.

"தங்கச்சி, தட்டு வந்துரணும்."

"தாலியறுத்தவ கையால எதுக்குண்ணே? வேற ஆளப் பாருங்க."

"ஆத்தா ஒன் கழுத்தையா பாக்குறா? பிள்ளைங்க பேருல வைக்கிற தட்டு."

"அப்பன்னா கலர் போடாம வெள்ளையாக் கிண்டித் தாறேன்."

"நல்ல நாளும் அதுவுமா வெள்ளையா? கருமாதி ஊடு மாதிரி இருக்கும். செவப்பாப் போடு தாயி."

அவளுக்கு ஐயாவு போனதைவிட இப்போது இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் பயம். எல்லாம் அவள் கையில் சோறு தின்கிற பிள்ளைகள்.

பக்கத்துக் காம்பராவில் சுமித்ரா என்று ஒரு பெண், பெல்மதுளைப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்தாள். "கலருக்கு மாத்து மருந்து இருக்காம்மா?" என்று இருளாயி அவளைக் கேட்டாள். சுமித்ரா ஒரு பழைய பத்திரிகையை எடுத்து வாசித்துக் காட்டினாள். வெளிநாட்டில் ஈரல் புற்றின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் சாப்பாட்டுக் கலரையும் விடுகிறார்களாம், விட்டமினையும் விடுகிறார்களாம், எது என்ன செய்கிறதென்று பார்க்கிறார்களாம்.

"மனுசன் ஒடம்புக்குள்ளயும் அப்பிடியே நடக்குமான்னு தெரியாதுன்னும் போட்டிருக்கு ஆயம்மா."

அந்தக் கடைசி வரி இருளாயியின் காதில் ஏறவில்லை. கலர் கெடுக்கும், விட்டமின் முறிக்கும் என்று எடுத்துக்கொண்டாள். ஐயாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த விட்டமின் குளிசை ஒரு பை நிறைய மிச்சம் கிடந்தது. அதை அம்மியில் வைத்துப் பொடித்தாள். பாகு பதத்துக்கு வந்ததும் ஒரு கையால் சிவப்பையும் மறுகையால் அந்தப் பொடியையும் போட்டு, "தாயே, பிள்ளைகளக் காப்பாத்து" என்று கிண்டினாள்.

பூசை முடிந்தது. பூசாரி தட்டை எடுத்தார். முதல் கை நீட்டியது மூன்று வயது தனுஜா. பூசாரியின் விரலும் பிள்ளையின் கையும் தொடுகிற நேரம், அந்தக் குளிசைப் பை இருளாயியின் கண்முன் வந்தது. பையின்மேல் பேனாவால் எழுதியிருந்தது ஐயாவு என்ற பெயர். செத்த மனுஷனுக்கு எழுதிய மருந்தைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறோமே என்று பாய்ந்து முன்னால் போனாள்.

"குடுக்காதீங்கண்ணே" என்று தட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுல மருந்து போட்டிருக்கேன்."

மேளம் நின்றுவிட்டது. கூட்டத்திலிருந்து தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் பழனியாண்டி முன்னால் வந்தார்.

"என்னா மருந்து?"

"அவருக்குக் குடுத்த விட்டமினுங்க."

"எத்தன போட்ட?"

"இருந்தது பூராவும்."

"எதுக்கு?"

"கலர முறிக்கத்தாங்கய்யா. அவரு அதத் தின்னுதானே போனாரு. நான் குடுத்துக் குடுத்துத்தானே."

பழனியாண்டி தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அவளைத் தேர்முட்டிப் பக்கம் கூட்டிப் போய்த் தணிந்த குரலில் பேசினார். "இங்க பாரு இருளாயி. ஐயாவுக்கு வாலிபத்துலயே காமால வந்து மூணு மாசம் கெடந்தாரு. கசிப்பும் குடிச்சாரு. ஒன் டொபியாலதான்னு எந்தப் பெரிய டொக்டராலயும் சொல்ல ஏலாது."

"டொபியால இல்லன்னு சொல்ல ஏலுமாங்கய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.   மறுபடி போட்டுக்கொண்டு, தட்டை என்ன செய்வதென்று பேசப் பூசாரியிடம் போனார்.

படைத்ததைக் குப்பையில் போடக் கூடாதென்று பூசாரி தட்டை ஆற்றில் கரைத்தார். சில தாய்மார் இரண்டு கிழமை பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விடவில்லை. பிறகு வேலை நெருக்கடியில் விட்டார்கள். டொபி கிண்டச் சொல்லி இருளாயியை யாரும் கேட்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள் கடையிலேயே இனிப்பு வாங்கிப் படைத்தார்கள். அவள் போட்டதைவிட இரண்டு மடங்கு சிவப்பு. சாமி பிரசாதம், தின்னாதே என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அவள் பேச்சை யார் கேட்பார்கள்? பிள்ளைகள் கையில் வாங்கிக்கொண்டு வந்தபோது இருளாயி வழியில் குந்திக்கொண்டு கையை நீட்டினாள்.

"ஆயம்மாவுக்கு ஒரு விள்ளல் தா ராசாத்தி."

தனுஜா பிட்டுக் கொடுத்தாள். அடுத்த பிள்ளையிடம் கேட்டாள். அதற்கடுத்த பிள்ளையிடமும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கொடுத்தன. கொடுத்ததை எல்லாம் வாயில் போட்டு விழுங்கினாள். அவர்கள் வயிற்றில் அவ்வளவு குறையுமே என்பதுதான் கணக்கு.

வருஷா வருஷம் அப்படித்தான். "ஆயம்மாவுக்கு வயசாக வயசாக இனிப்புப் பைத்தியம் முத்துது" என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அவளும் ஆமாமென்று தலையாட்டுவாள். 2009 திருவிழாவில் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். ஒருவரையும் விடாமல் கேட்டு வாங்கித் தின்றாள்.