செல்லக்கனிக்குப் பதிலாக வந்தவள்

ஆங்கிலத்தில் ‘ஃபில் இன் ஃபார்’ என்று ஒரு வினை உண்டு. வேலைக்கு வராத ஒருவரின் இடத்தில் இன்னொருவர் அன்றைக்கு மட்டும் நின்று செய்துகொடுப்பது என்று பொருள். வராதவரின் பெயரை அதன் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதாரணம் கேட்டால் விஸ்வநத்தத்து முத்துப்பேச்சியைத்தான் காட்டுவேன்.

பந்தி பரிமாற ஆள் வரவில்லையா, சத்துணவுக்கூடத்து ஆயாவுக்குக் காய்ச்சலா, அவளைத்தான் கூப்பிடுவார்கள். பொங்கல் கும்மிக்கு ஆள் குறைந்தபோது ஒரே வட்டத்தில் இரண்டு இடத்தில் நின்று ஆடினாள் என்று நான் சொன்னதைப் பாதி ஊர் நம்பியது.

பட்டாசுக் கம்பெனியிலும் அதே கதைதான். சரம் பின்னும் பெண்கள் கல்யாணம், சடங்கு என்று நின்றால் இவளை அனுப்புவார்கள். வந்தவள் வராதவளின் பெயரிலேயே கையெழுத்துப் போட வேண்டும். வராதவளுக்கும் இடம் போகாது, போர்மேனுக்கும் தொல்லையில்லை. எட்டு வருஷம் இப்படியே போனது. அங்கே சரம் பின்னும் செல்லக்கனியின் கையெழுத்தைச் செல்லக்கனியைவிட அழகாகப் போடுவாள்.

போன சீசனில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். தன் சொந்தப் பெயரில் உள்ளே போக வேண்டும் என்பதே முத்துப்பேச்சியின் ஒரே ஆசை. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

போர்மேன் சிவபாண்டி பதிவேட்டைப் புரட்டினார்.

“யக்கா, ஒங்க பேரு ஒரு பக்கத்துலகூட இல்லையே.”

“எட்டு வருசமா என் மூஞ்சியப் பாக்கீகளா இல்லையா?”

“மூஞ்சியவா இதுல ஒட்டி வச்சிருக்கு? யாருக்குப் பதிலா வந்தீகளோ, அவுகள்ல ஒருத்தர வந்து சொல்லச் சொல்லுங்க.”

நேரே செல்லக்கனி வீட்டுக்குப் போனாள். அவளுடைய பிரசவத்துக்கு மூன்று மாதம், கால் ஒடிந்ததற்கு இரண்டு மாதம் உழைத்துக் கொடுத்திருந்தாள்.

“நீ வந்த நாளெல்லாம் என் சர்வீசுல இருக்கு தாயி. அன்னைக்கெல்லாம் நான் வரலன்னு நானே போய்ச் சொன்னா என்னையத் தூக்கிருவாகல்ல? இரு, காப்பி குடிச்சிட்டுப் போ.”

மற்ற வீடுகளிலும் காப்பிதான் கிடைத்தது. அன்றைக்குப் பதினேழு டம்ளர் குடித்தாள். இரண்டு மூன்றை நான் கூட்டியிருக்கலாம்.

இடம் சாத்தூர்ப் பட்டாசுக் கம்பெனிப் பதிவேட்டில் ஐந்து வருஷம் பெயர் இருந்த கீர்த்திகாவுக்குப் போனது. மூன்றாவது வாரமே கீர்த்திகாவின் நாத்தனாருக்குக் கல்யாணம். சிவபாண்டி முத்துப்பேச்சிக்குப் போன் பண்ணினார். அவளும் போனாள். கீர்த்திகா கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் கொட்டை எழுத்தில் ‘முத்துப்பேச்சி’ என்று எழுதினாள்.

“ஏன்க்கா, கிறுக்கு புடிச்சிருக்கா? ஆபீசர் வந்து பாத்தா நான் என்னத்தச் சொல்ல?”

“எட்டு வருசமா பொய்யா எழுதுனேன். ஒருத்தரும் கேக்கலையே.”

அவர் ஸ்கேலை வைத்து அந்தப் பெயரை நேராக அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘கீர்த்திகா’ என்று தானே எழுதினார்.

“போய் உக்காருங்க. லோடு நிக்குது.”

அவள் உட்காரவில்லை. வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். மதியத்துக்குள் அந்த இடத்தில் செல்லக்கனியின் தங்கை உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தாள்.