தேவாங்குக்கு ஒரு துணை

பொழுது சாயும் நேரத்தில் டார்ச்சும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிற பெண்ணை, யாங்கூனுக்கு ஆற்றின் அக்கரையிலிருக்கிற எங்கள் தன்லியினில் யாரும் நல்லபடியாகப் பார்ப்பதில்லை. பேயோடு பேசுகிறாள் என்றார்கள் சிலர். பிணத்தோடு புதைத்த நகையைத் தேடுகிறாள் என்றார்கள் வேறு சிலர். போங்கடா என்று விட்டுவிட்டேன். நான் பார்க்கப் போனது ஒரு தேவாங்கை.

எங்கள் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் பின்மதிலின் உடைப்பைத் தாண்டினால் ஒரு மேடு. மூங்கில் புதரும் கொடிகளும் நாலைந்து பெரிய வாகை மரங்களுமாக ஒரு துண்டுக் காடு. சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. கல்லறையை ஒட்டிய நிலத்தை வாங்க எவனுக்கும் துணிச்சலில்லாததால் அது மட்டும் மிஞ்சியது.

முன்பு நாங்கள் ஒரு சிறு கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தோம். கால்நடை மருத்துவம் படித்த பெண் ஒருத்தி, கல்லூரிப் பிள்ளைகள் சிலர், வயதில் மூத்த ஆளாக நான். அழிந்துகொண்டிருக்கிற உயிர்களைக் கணக்கெடுக்கிறோம் என்று பெரிய பேச்செல்லாம் பேசினோம். அப்புறம் நாட்டு நிலைமை கெட்டது. பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று பிள்ளைகள் எல்லை தாண்டினார்கள். மருத்துவப் பெண்ணும் போய்விட்டாள். நான் எங்கே போவேன்? பகலெல்லாம் யாங்கூன் நகரத்துக்குள் கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சரக்குச் சீட்டு தட்டச்சு செய்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கிப் பாலம் தாண்டி வந்து, ஊரடங்குக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வாகை மரத்தடியில் போய் உட்காருவேன். வேறு என்ன இருந்தது எனக்கு?

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் போட்டுக் கட்டியிருப்பேன். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. வெளிச்சம் மங்க மங்கக் கொடிப் பந்தலுக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வரும். குழந்தை தொட்டிலைப் பிடிப்பது போலக் கிளையைப் பிடிக்கும். பிறகு உருண்டைத் தலை, பெரிய கண்கள். அவசரம் என்பதே கிடையாது அதற்கு. அடிமரத்தில் தான் ஏற்கெனவே கடித்து வைத்த தழும்புக்கு இறங்கி வந்து, பட்டையைப் பல்லால் கரகரவென்று சுரண்டி, கசிகிற பிசினை நக்கும். அதன் இடது காதில் ஒரு துண்டு இல்லை. முன்பெல்லாம் இரண்டு வரும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இந்த ஒற்றைக் காது மூளி மட்டும் வந்தது.

நான் இருப்பது அக்கா வீட்டில். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்க வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மின்சாரம் இருந்தால் மெஷின் ஓடும். மின்சாரம் எப்போது இருக்கும் என்று யாங்கூனில் எவனால் சொல்ல முடியும்? பாதி நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்து கட்டிலில் சாய்ந்து, நான் காட்டிலிருந்து திரும்புவதற்காகக் காத்திருப்பாள்.

"வந்துச்சாடி?"

"வந்துச்சுக்கா."

"இன்னிக்கும் ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான். பாவம், நாதியத்துக் கெடக்கு."

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்பார். அத்தான் பர்மியர், டாக்சி ஓட்டுகிறார். அக்காவிடம் கற்ற தமிழில் எங்களோடு பேசுவார். என்னை மட்டும் ஞீமாலே என்பார், பர்மியில் தங்கச்சி. தங்கமான மனிதர். அக்கா படுத்ததிலிருந்து அவர் உயிர் விடுதலை செய்ய ஆரம்பித்தார். இங்கே அது பெரிய புண்ணியம். கொல்லவோ அடைக்கவோ வைத்திருக்கிற உயிரை வாங்கி, சீக்காளியின் பெயரைச் சொல்லி விட்டுவிட்டால் அந்த ஆயுள் சீக்காளிக்குச் சேரும். அக்கா வியாழக்கிழமை பிறந்தவள். அதனால் வியாழன்தோறும் சந்தையில் விரால் மீன் வாங்கி ஆற்றில் விடுவார், புத்தர் கோயில் வாசலில் குருவி வாங்கிப் பறக்க விடுவார். அந்தக் குருவிகளைச் சாயங்காலமே திரும்பப் பிடித்துவிடுகிறார்கள் என்று நான் வாயடிப்பேன். "நல்ல காரியத்துல மூக்க நுழைக்காதடி" என்பாள் அக்கா. ஞாயிறு மாதா கோயிலுக்கும் போவாள், வியாழன் மீனையும் கையால் தொட்டுக் கொடுப்பாள்.

ஒரு வாரம் தொடர்ந்து தேவாங்கைக் காணவில்லை. விளக்குப் பண்டிகைக்கு ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்த நாட்கள், பயந்து ஒளிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வியாழன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் அத்தானின் டாக்சி நிற்கிறது. முன்சீட்டில் சால்வை போர்த்திக்கொண்டு அக்கா. ஆஸ்பத்திரிக்கோ என்று ஓடிப்போய்க் கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். வண்டி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அத்தான் பின்பக்கத்திலிருந்து துணி மூடிய பிரம்புக் கூடையை எடுத்தார். அக்காவைக் கைத்தாங்கலாக மதில் வரை கூட்டி வந்தோம். அக்கா கூடையைத் தொட்டு முணுமுணுவென்று ஏதோ வேண்டினாள். அத்தான் கூடையை மரத்தடியில் வைத்துத் திறந்தார்.

"ஞீமாலே, இனிமே அது தனி இல்லே."

உள்ளே ஒரு தேவாங்கு.

அது மெல்ல வெளியே வந்து வாகையில் ஏறியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன். சிவப்பு வெளிச்சத்தை மேலே அடித்தேன். இடது காதில் ஒரு துண்டு இல்லை.

புது ஆள் இல்லை. அதேதான்.

அது தன் பழைய தழும்புக்குப் போய் வாயை வைத்தது. சுரண்டும் சத்தம் வரவில்லை. மறுபடி வைத்தது. தலையைத் திருப்பியபோது வாய் திறந்திருந்தது. முன்பற்கள் இல்லை. ஈறெல்லாம் இரத்தம் கட்டி வீங்கியிருந்தது. கடிக்காமல் இருப்பதற்காக வியாபாரிகள் குறட்டால் நறுக்கிவிடுவார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

"பாரேன், எப்படிச் சொந்தமா ஏறுது! பொறந்த வீட்டுக்கு வந்தாப்ல!" என்றாள் அக்கா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவள் கண்ணில் படாதபடி டார்ச்சை அணைத்தேன். எப்படிச் சொல்வேன்?

மறுநாள் காலை டாக்சியைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "எங்கேருந்து வாங்கினீங்க? அவன்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"இந்த மேட்டுல ஒண்ணு தனியா இருக்கு, ஜோடி வேணும்னு சொன்னேன்." என் முகத்தைப் பார்த்து அவர் தடுமாறினார். "இந்தப் பக்கத்துக் காட்டுதா இருக்கணும், தூரத்துது வேணாம்னு சொன்னேன். வேற காட்டுதுன்னா சேராதுல்ல?"

பாவி மனுஷா! வழி சொல்லி, இடம் சொல்லி, இருந்த ஒன்றையும் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டினேன், காது, பல், இரத்தம், எல்லாம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் துடைத்த துணியைக் கீழே போட்டார். டாக்சிக்குள் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு மறுபடி முளைக்குமா, ஞீமாலே?"

"முளைக்காது."

அன்றிலிருந்து அவரும் என்னோடு வந்தார். தேங்காய்ச் சிரட்டையை அடிமரத்தில் கட்டி, வாழைப்பழத்தைக் கூழாகப் பிசைந்து தேன் ஊற்றி வைத்தோம். முதலில் இறங்கி வந்து நக்கியது. அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து அமுக்கினார். பிறகு அதன் தாடை வீங்கிவிட்டது. சிரட்டை வரை வரும், முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மருத்துவப் பெண்ணுக்குப் போன் போட்டேன், அந்த எண்ணே இப்போது இல்லை. ஊருக்குள் கால்நடை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், குரங்குக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதில்லை என்றார்கள். ஒரு சாயங்காலம் அது மரத்தடியில் சுருண்டு கிடந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. மதிலோரம் அத்தான்தான் குழி தோண்டினார்.

"அக்காகிட்ட சொல்லாதே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள், "வந்துச்சாடி?" நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "ரெண்டும் வந்துச்சு. ஒரே கிளையில." எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினேன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூட மெஷின் ஓடவில்லை. அக்காவின் முகம் ஊதி மஞ்சளாகிவிட்டிருந்தது. அப்படியும், "அதுங்க சேந்ததுலேர்ந்து மூச்சு லேசா வருதுடி" என்கிறவளிடம் எதைச் சொல்வது?

கடைசியில், நான் பயந்ததைக் கேட்டாள். ரெண்டையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும்.

கூட்டிப் போனோம். அவளுக்கு நாலடி வைத்தால் மூச்சு வாங்கியது. மதிலோரக் கல்லில் உட்கார வைத்தேன். டார்ச்சை மேலே அடித்தேன், சிவப்பு இலைகள்தான். அத்தான் வெறும் கொடியைக் கை காட்டினார். "அதோ, அந்த மறைவுல. ரெண்டும்."

அக்கா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பார்வையை அடிமரத்துக்கு இறக்கினாள். சிரட்டை காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. அங்கிருந்து அவள் பார்வை மதிலோரத்துப் புது மண்ணுக்கு வந்தது. அத்தான் இன்னும் மேலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க, தெரியுது" என்றாள். "ரெண்டும் நல்லா இருக்கு."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியைக் கிட்டே கொண்டுவருகிறேன் என்று வேகமாக நடந்தார். அவர் தலை மறைந்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"நான் அந்த மண்ணப் பாத்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டாரு."

"அக்கா..."

"வியாழக்கெழம இனிமே மீனும் வேணாம், குருவியும் வேணாம். அக்காவுக்கு அசதியா இருக்காம்னு சொல்லு." வண்டிச் சத்தம் கிட்டே வந்தது. அவள் என் தோளைப் பற்றி எழுந்து நின்றாள். "எனக்காக இனி எதையும் புடிக்க வேணாம்டி."