முப்பத்தோரு அடுப்புகள்

மிலுன்கா நகராட்சி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள். அவளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவள் எழுதிய கோப்பில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது என்பது ஒன்று. புருஷனைக் குறுக்குக் காற்றில் வைத்துக் கொன்றவள் என்பது இன்னொன்று. முதலாவதில் சிறு திருத்தம் இருக்கிறது. இரண்டாவதை ஊர் தன் வசதிக்காக வைத்துக்கொண்டிருக்கிறது.

செர்பிய மலைகளுக்கு நடுவே குழிந்து கிடக்கும் ஊர் அது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க நிலக்கரி, ஈர விறகு, கிழிந்த செருப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடுப்பில் போடுவார்கள். ஏறிய புகை போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். மிலுன்காவின் கணவன் விதோயே முப்பது வருடம் இரும்பு உருக்கும் வார்ப்பாலையில் நின்றவன். நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு வந்தவன். "இன்னொரு குளிர்காலம் இந்தப் புகையில் தாங்கமாட்டார், மலைமேல் எங்காவது கூட்டிப்போங்கள்" என்று மருத்துவர் சொன்னார்.

"செத்தா என் கட்டில்ல சாவுறேன்டி. ஆடு மேய்க்கிறவன் குடிசையில போய்ச் சாகச் சொல்றியா?" என்றான் விதோயே.

புருஷனைப் புகையிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது என்றால் புகையைத் தெருவிலிருந்து வெளியே அனுப்புவது என்று மிலுன்கா முடிவு செய்தாள். அந்த வசந்தத்தில் அரசாங்கத் திட்டம் ஒன்று அவள் மேசைக்கு வந்திருந்தது. வீட்டுக்கு ஒரு வெப்பப் பம்பு, இலவசம். வெளிக்காற்றிலிருந்தே சூட்டை எடுத்து அறைக்குள் வீசும். அதற்கான மின்சாரம் மலையில் சுழலும் காற்றாலைகளிலிருந்து வரும். நிபந்தனை மூன்று. தினமும் எரிக்கிற அடுப்பை ஒப்படைக்க வேண்டும், அதை அங்கேயே உடைப்பார்கள். புகைபோக்கியைப் பூசி அடைக்க வேண்டும். தெருவில் எல்லா வீடும் சேர வேண்டும், ஒரு வீடு குறைந்தாலும் தெருவுக்கே பம்பு கிடையாது. கடைசி நிபந்தனையை எழுதிய ஆள் எந்தத் தெருவிலும் குடியிருந்திருக்க மாட்டார்.

மிலுன்காவின் தெருவில் முப்பத்தோரு வீடு. படியேறிப் படியேறிச் சொன்னாள். எதிர்வீட்டு ராதென்கோ, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தெருவுக்கே வாய் அவர்தான்.

"அதுல காத்து வருமா தங்கச்சி?"

"சூடான காத்துண்ணே."

"சூடோ குளிரோ, வீசுமா வீசாதா?"

"வீசும்."

"அப்போ அது குறுக்குக் காத்து. எங்க சித்தப்பன் பஸ்ல ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்துவச்சு உட்கார்ந்தான். வாய் கோணிப்போச்சு. பெட்டியில வைக்கிறப்பக்கூட நேராகல."

"புகையில எத்தனை பேர் செத்திருக்காங்க தெரியுமாண்ணே?"

"புகை கெடுதல்னா பன்னித்தொடையை ஏன் புகையில தொங்கவிடுறோம்? ஒரு வருஷம் கெடாம இருக்குல்ல."

சிரிக்காதீர்கள். அந்த ஊரில் மாரடைப்பால், புற்றுநோயால் யாரும் செத்ததில்லை. விசாரித்துப் பார்த்தால் எங்கோ ஒரு ஜன்னலும் ஒரு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

மிலுன்கா மே மாதம் வரை பொறுத்தாள். புனித ஜார்ஜ் நாள் அவர்கள் குடும்பத்தின் ஸ்லாவா, குலப் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடும் நாள். அன்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை, தெருவே வரும். மெழுகுவர்த்தி எரியும்வரை அந்த வீட்டுக்காரரோடு யாரும் முரண்டு பிடிப்பதில்லை. அப்படிப் பிடித்தால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும். அவள் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே திட்டத்துக்கான சம்மதப் பட்டியலை வைத்தாள். கோதுமை ஒரு கரண்டி, ஒயின் ஒரு வாய், ஒரு கையெழுத்து. மூக்கில் குழாயோடு விதோயே எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் பேனாவை நீட்டினான். ராதென்கோ கடைசியாகப் போட்டார்.

"நல்ல நேரம் பாத்துத்தான் மடக்கிட்ட தங்கச்சி" என்றார்.

செப்டம்பரில் நகராட்சிக் கொல்லைக்கு அடுப்புகள் வந்தன. சரிபார்க்கும் வேலை மிலுன்காவுடையது. வந்ததெல்லாம் எந்தக் காலத்திலோ கொட்டகையில் தூக்கிப் போட்ட தகரம். ஒன்றுக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு அடியே இல்லை. ராதென்கோ கொண்டுவந்ததைத் திறந்தால் உள்ளே வைக்கோலும் முட்டை ஓடும்.

"இதுலயாண்ணே சமைக்கிறீங்க?"

"உங்க அண்ணி கைப்பக்குவமே அதான்" என்றார். சுமை இறக்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு படிவம். 'பயன்பாட்டில் உள்ள அடுப்பு, நேரில் பார்த்தேன்' என்று அதில் அச்சடித்திருந்தது, கீழே கையெழுத்து. ஒன்றைத் தள்ளினாலும் தெரு போய்விடும். குளிர்காலத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கதகதப்பான அறையில் ஒரு வாரம் தூங்கி எழுந்தவன் மறுபடி கரி சுமப்பானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் பொய்க் கணக்கு எழுதாத கை அன்று முப்பது பொய்யை வரிசையாக எழுதியது. முப்பத்தோராவது மட்டும் நிஜம். அவள் கல்யாணமான வருடம் வாங்கிய வெள்ளை அடுப்பு. காலையில் அதில்தான் காபி போட்டிருந்தாள். சம்மட்டி விழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் கணக்கு முதலில் பலித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அந்தத் தெருவில் மட்டும் எதிர்மலை தெரிந்தது. விதோயே ஆக்சிஜன் உருளையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு முனைக்கடைக்கு நடந்தே போய்விட்டு வந்தான்.

"ஏய் மிலுன்கா, ரொட்டி வாசனை எனக்கு வருதுடி" என்றான். ஆறு வருடமாக அவனுக்கு எந்த வாசனையும் வந்ததில்லை. அவள் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஜனவரியில் கடுங்குளிர் இறங்கியது. அங்கே ஜனவரி ஏழில் வரும் கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் ராதென்கோவின் மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மெஷின் காற்றுதான் காரணம் என்று மாலைக்குள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புகைபோக்கியை அடைத்திருந்ததும் பேருக்குத்தான், தகரத் துண்டின்மேல் விரல்கனம் சாந்து. கொட்டகையிலிருந்து நிஜ அடுப்புகள் திரும்பி வந்தன. ஒரே வாரத்தில் முப்பது வீட்டிலும் புகை. மூன்று மாதம் சும்மா கிடந்த கரியை ஆசைதீரப் போட்டார்கள்.

மிலுன்கா போய் ராதென்கோவின் கதவைத் தட்டினாள். அவருக்குப் பின்னால் அடுப்பில் புளித்த முட்டைக்கோஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவரால மூச்சு விட முடியல. ஒரு பத்து நாள் மட்டும் பத்தவைக்காதீங்க."

"எதைப் பத்தவைக்காதன்ற? எங்க வீட்ல அடுப்பே இல்லையேம்மா. நீயே பாத்து எழுதியிருக்க."

"அண்ணே, கால்ல விழுறேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். குரல் உண்மையான இரக்கத்தோடு வந்தது. "மாப்பிள்ளைக்கு அந்த மெஷின்தான் ஆகல தங்கச்சி. முதல்ல அதை அணை. நான் வேணா ஒரு வண்டி விறகு தர்றேன்."

மறுநாள் அவள் நகராட்சியின் புகைக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் போனாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பையன். கோப்பை எடுத்துப் புரட்டினான்.

"அம்மா, உங்க தெருவுல அடுப்பே இல்லையே. முப்பத்தோரு கையெழுத்தும் உங்களோடதுதான். புகை பக்கத்துத் தெருவுலேர்ந்து வரும்."

எழுதியது பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மெஷின்கள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார்கள், அவளுடையதையும் சேர்த்து. மைனஸ் பதினைந்து டிகிரியில் விதோயேவுக்கு இருந்த ஒரே சூடு அதுதான். மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து கதவிடுக்கிலெல்லாம் ஈரத்துணி செருகினாள். விதோயே கட்டிலில் உட்கார்ந்தபடியே ஐந்து நாள் மூச்சுக்கு அலைந்தான். ஆறாம் நாள் காலையில் அலைவது நின்றது. அவன் கேட்டபடி அவன் கட்டில்தான்.

தெரு முழுக்கத் துக்கத்துக்கு வந்தது, ஒரு வீடு பாக்கியில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பில் சுட்ட பலகாரத்தோடு வந்தார்கள். ராதென்கோ குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில் நடிப்பே இல்லை, அதுதான் கொடுமை.

அடுத்த செப்டம்பரில் வேறொரு தெருவின் அடுப்புகள் வந்தன. முந்தைய தெரு அறிக்கைகளில் முன்மாதிரியாகிவிட்டதால் சரிபார்க்க மிலுன்காவையே உட்காரவைத்தார்கள். முதலில் வந்தது தேய்த்துத் துடைத்த நல்ல அடுப்பு, மேல்தட்டில் பால் பொங்கிய கறை இன்னும் இருந்தது. கொண்டுவந்தவள் யாகொதா, தையற்காரி. அவளுடைய எட்டு வயது மகளுக்கு ஆஸ்துமா. அடுத்தடுத்து வந்ததெல்லாம் பழைய கதைதான், துருவும் கோழி இறகும்.

மிலுன்கா பேனாவை மூடியதைப் பார்த்துவிட்டு யாகொதா கிட்டே வந்தாள்.

"அக்கா, போட்டுருங்க."

"இது எதுவும் நிஜ அடுப்பு இல்லம்மா. ஜனவரியில நிஜத்தைப் பத்தவைப்பாங்க. என் தெருவுல அதான் நடந்துச்சு."

"தெரியும்க்கா. ஜனவரி வரைக்குமாவது புள்ள மூச்சு விடும்ல."

விதோயே மூன்று மாதம் முனைக்கடைக்கு நடந்தவன்தானே. ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் புகை வந்தாலும் கோப்பில் புகை இருக்காது, யாரும் யாரையும் கேட்க முடியாது. மிலுன்கா பேனாவைத் திறந்து 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினாள். தெரு போயிற்று.

யாகொதா கத்தவில்லை. "உங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. இனிமே யாரு மூச்சுவிட்டா என்ன, விடாட்டி என்ன உங்களுக்கு" என்றாள்.

இல்லை என்று சொல்ல மிலுன்கா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு முன் தனக்குள் ஒருமுறை தேடிப் பார்த்தாள். அந்த 'இல்லை' அங்கே இருக்கிறதா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. யாகொதா தன் அடுப்பைத் திரும்பத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மிலுன்கா ஒரு பக்கம் பிடிக்கப் போனபோது யாகொதா அவள் கையைத் தட்டிவிட்டாள்.