தொள்ளாயிரத்து நாற்பது பிரிண்டர் புகார்கள்

புத்தலப்பட்டு மாம்பழக்கூழ் ஆலையில் இருப்பது மொத்தம் ஆறு பிரிண்டர்கள். அந்த ஆறும் ஒரே வருஷத்தில் தொள்ளாயிரத்து நாற்பது தடவை பழுதானதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. பெங்களூரிலிருந்து வந்திருந்த குழு அதை அப்படியே எழுதிக்கொண்டது. அந்த அறையில் அதை நம்பாதவள் பத்மாவதி ஒருத்திதான். நம்பாததற்குக் காரணம், அந்தப் பொய்யைத் தொடங்கி வைத்தவளே அவள்தான்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் திருப்பதியில். கூழ் ஆலைகளும் குளிர்பதனக் கிடங்குகளுமாகச் சித்தூர் வட்டாரத்தில் ஒன்பது இடங்கள். எங்கே எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் ஊழியர்கள் ஒரு மென்பொருளில் புகார் பதிய வேண்டும். அது உரிய ஆளிடம் போய்ச் சேரும். அந்த மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. அடுத்த வருஷம் செப்டம்பருக்குப் பிறகு எங்களைக் கேட்காதீர்கள் என்று அதைச் செய்தவர்களே கைவிரித்துவிட்டார்கள். ஒரே நாளில் ஒன்பது இடத்திலும் புதியதை ஏற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிடும் என்பதால், மூன்று கட்டமாக ஏற்றுவதென்று முடிவாகியிருந்தது.

பத்மாவதி குடுபல்லிப் பக்கத்துக் கங்கையாவின் மகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலையில் இங்கிலீஷ். இரண்டு தலைமுறையாக அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் காய் பறித்த குடும்பம்; இப்போது கங்கையாவுக்கே மூன்று ஏக்கரில் தோத்தாபுரி மாமரங்கள். ஏழு வருஷத்துக்கு முன் கணினிப் பழுது பார்க்கும் பிரிவில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவள், இன்று அந்தப் பிரிவுக்குத் தலைமை. இந்த மாற்றத்தை முழுக்க அவள் பொறுப்பில் விடலாமா என்று மேலாளர் லக்ஷ்மிநரசிம்மன் யோசித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பொறுப்பு தனக்கு வேண்டும் என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

புதியதை ஏற்ற வந்திருந்த பெங்களூர்க் குழுவின் திட்டம் திரையில் வந்தது. புகார் அதிகம் வருகிற பிரிவுகளுக்கு முதலில், முழுப் பட்டாளத்தோடு. குறைவாக வருகிறவை கடைசியில், இரண்டே ஆட்களோடு. அந்தக் கடைசிப் பட்டியலில், காய் வண்டிகளை நிறுக்கும் புத்தலப்பட்டு எடைமேடை இருந்தது. வருஷம் முழுக்கப் பதினோரு புகார்தான் என்பதால் மிச்சம் மீதியோடு சேர்த்திருந்தார்கள். தேதி, ஜூன் முதல் வாரம்.

பத்மாவதி அந்தத் தேதியை மறுபடி படித்தாள். ஜூனில் ஆலை வாசலிலிருந்து சித்தூர் ரோடு நெடுகக் காய் வண்டிகள் நிற்கும். எடைமேடைக் கணினி ஒரு மணி நேரம் படுத்தால் வரிசை ஊரைத் தாண்டும். வெயிலில் காய் வெந்துபோகும்.

அந்தப் பதினொன்றின் கதை அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், காய் சீசனில், எடைமேடை ஆபரேட்டர் துலுக்காணம் போனில் கெஞ்சினார். எடைமேடை என்று பதிந்தால் புகார் வெளியூர்க் காண்ட்ராக்டருக்குப் போகும். ஆள் வர இரண்டு நாள். பிரிண்டர் என்று பதிந்தால் பத்மாவதியின் பிரிவுக்கே வரும். அரை மணியில் சரியாகும். “அண்ணா, பிரிண்டர்னு போட்டுடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றாள். துலுக்காணம் போட்டார். அதைப் பார்த்துப் பாய்லர்காரர் போட்டார், கேட் வாட்ச்மேன் போட்டார். ஒன்பது இடங்களிலும் அதுவே வழக்கமாயிற்று. பிரிண்டர் சேவையில் முதலிடம் என்று கம்பெனி அவளுக்கு ஒரு ஷீல்டு கூடக் கொடுத்தது. அது அவள் நாற்காலிக்குப் பின்னால், வந்தவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றது.

இப்போது வாயைத் திறந்தால் ஆறு வருஷத்துப் பதிவும் பொய் என்றாகும். திறக்காவிட்டால், ஜூன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் புத்தலப்பட்டுக்குப் போனாள். எடைமேடை அறையில் துலுக்காணத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொள்ளாயிரத்து நாற்பதையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து கிடந்தன. பிரிண்டர் மேல் லாரி ஏறி நிற்கிறது, எடை வரவில்லை என்று ஒன்று. பிரிண்டர் வயரை எலி கடித்துவிட்டது, டிரைவர்கள் திட்டுகிறார்கள் என்று இன்னொன்று. பிரிண்டரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியாயிற்று, இப்போது எடை முள் நகரவில்லை என்பதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை.

“சிரிக்காத தங்கச்சி. நீ சொல்லிக் குடுத்ததத்தான நாங்க எழுதிக்கினு கீறோம்” என்றார் துலுக்காணம்.

சாயங்காலம் பிரித்து முடித்தபோது, அறுநூற்றுப் பன்னிரண்டு எடைமேடைப் புகார்கள். உண்மையான பிரிண்டர் புகார்கள் நாற்பத்தொன்று. மற்றவை பாய்லர் அறைக் கணினியும் கேட் கேமராவும்.

“இத்த அங்க போய்ச் சொன்னா உன்ன வேலைல வெச்சிருப்பாங்களா?”

தெரியாது என்றாள். சொல்லாமல் ஜூனில் வண்டி வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் தன்னால் ஆகாது என்றாள்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஷீல்டைக் கையோடு எடுத்துப்போய் மேஜை நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். போனில் அன்று என்ன சொன்னாள் என்பதையும் விடவில்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். பெங்களூர்க் குழுவில் ஒருவர், பதிவில் உள்ளதை வைத்துத்தானே நாங்கள் திட்டம் போட முடியும் என்றார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை என்று பத்மாவதியே சொன்னாள்.

லக்ஷ்மிநரசிம்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா, நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே.”

“தெரிஞ்சிருக்கும் சார். ஜூன்ல.”

அவர் சிரிக்கவில்லை. சரி, நீ போட்டால் எப்படிப் போடுவாய் என்று கேட்டார்.

அவள் ஒரு தாளை எடுத்தாள். முதல் கட்டம் அக்டோபரில், திருப்பதி அலுவலகமும் வடமாலபேட்டைக் கிடங்கும். ஏதாவது தவறினாலும் பழம் அழுகாத இடங்கள். இரண்டாவது, டிசம்பரில் மற்றக் கிடங்குகள். மூன்றாவது, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, புத்தலப்பட்டும் மற்ற ஆலைகளும், முழுப் பட்டாளத்தோடு. அப்போது மரத்தில் பூதான் இருக்கும். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆட்களுக்குப் பழக்கம். மே பாதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. புதிய திரையில் முதல் பட்டன் காட்டா. எடைமேடைக்கு ஊரில் வழங்குகிற பெயரே அதுதான். தெலுங்கு எழுத்தில் இருக்கும். அதில் பதிகிற புகார் காண்ட்ராக்டருக்குப் போகாது. நேராக அவள் பிரிவுக்கு வரும்.

லக்ஷ்மிநரசிம்மன் தாளை இரண்டு தடவை படித்தார். “பெங்களூர்க்காராளுக்கு ஜூன் ஒரு மாசம். நமக்கு ஜூன்தான் வருஷமே” என்று பெங்களூர்க் குழுவுக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு பத்மாவதியிடம், தவறான பதிவு பற்றிய அறிக்கை அவள் பெயரிலேயே மேலிடத்துக்குப் போகும் என்றார். அவள் தலையாட்டினாள். திட்டத்தின் முதல் பக்கத்திலும் அவள் பெயரே இருக்கட்டும் என்றார்.

மூன்று கட்டமும் தாளில் இருந்த தேதிகளிலேயே முடிந்தன. வடமாலபேட்டையில் மட்டும் பாதிப்பேருக்கு லாகின் ஆகாமல் அரை நாள் இழுத்தது. அதில் கற்றுக்கொண்டது புத்தலப்பட்டில் உதவியது. ஷீல்டு இப்போது துலுக்காணத்தின் மேஜையில் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் எடைச் சீட்டுகள் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஜூன் இரண்டாம் வாரம், பகல் பதினொரு மணிக்கு, பத்மாவதியின் திரையில் புகார் ஒன்று வந்தது. காட்டா, புத்தலப்பட்டு. பிரிவில் இரண்டு பேர் பாய்ந்தார்கள். பதினெட்டாவது நிமிஷம் தீர்ந்தது. அவள் கையை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து அந்தப் பதினெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நைனா. அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். குடுபல்லியிலிருந்து மினி லாரியில் புத்தலப்பட்டு ஆலைக்குக் காய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தாள்.

“இன்னாம்மா உங்க கம்பெனி” என்று ஆரம்பித்தார் கங்கையா. “போன வருசம் இதே ரோட்ல நின்னு ரெண்டு வேள துன்னோம். உங்கம்மா அதே நெனப்புல சோறு கட்டிக் குட்த்துட்டா. காட்டா நின்னுடுச்சின்னாங்க. சரி, துன்னலாம்னு டப்பாவ தொறக்கறேன், வண்டிய எடு எடுன்னு கத்தறாங்க. எறக்கியே முட்ச்சிட்டேன்.”

“சோறு இன்னா ஆச்சு நைனா?”

“வூட்டுக்கே திருப்பி எடுத்துக்கினு போறேன். வரிசைல அல்லார்க்கும் சொல்லிட்டேன், இது எம் பொண்ணு போட்ட பிளான்னு.”