கூரை இல்லாத வீட்டில் முப்பது கிழமை

இன்டர்நெட்டைக் கண்ணால் காணாமலேயே அதற்குப் பக்கம் செய்யப் படித்தவள் நான். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கையின் கிழக்குக் கரை மருதமுனையில், எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்முனை பஜாரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு ஒன்று நடந்தது. பின்னேரம் இரண்டிலிருந்து நான்கு வரை பெண் பிள்ளைகளுக்கு. ஆளுக்கு ஒரு மணித்தியாலம் கம்பியூட்டர் கிடைக்கும். அதில் இன்டர்நெட் இல்லை.

என் மூத்த சகோதரரான காக்கா சவூதியில் வேலை செய்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். சவர்க்காரம், பால்மா, உம்மாவுக்கு ஒரு அபாயா, இவற்றுக்கு நடுவில் தடித்த புத்தகம் ஒன்றும் மடித்த எட்டுத் தாள்களும். தாள்களில் அவர் கைப்பட எழுதிய படிப்புத் திட்டம். முதல் பத்துக் கிழமை, அதாவது பத்து வாரம், ஆட்களுக்குத் தெரியும் பக்கம். அடுத்த பத்து, அதற்குப் பின்னால் நின்று பதில் சொல்லும் புரோகிராம். கடைசிப் பத்து, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும் டேட்டாபேஸ். அடியில் எழுதியிருந்தார்: “கொழும்பில் ஒரு கம்பனி, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஆளாக வேலை செய்யத் தெரிந்தவரைத் தேடுகிறது. முப்பதாவது கிழமை முடிந்ததும் செய்ததைக் கொண்டுபோய்க் காட்டு.”

சில புள்ளிகளால் பல்கலைக்கழகத்துக்கு, கம்பஸுக்கு, இடம் கிடைக்காமல், அழுது முகம் வீங்கி இருந்தவள் நான். அந்தக் கடைசி இரண்டு வரியை எத்தனை தரம் வாசித்தேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தாள்களை அலுமாரிக் கதவில் வரிசையாக ஒட்டினேன். கிழமைக்கு ஒரு கட்டம். முடித்தால் ஒரு கோடு.

வாப்பா, சம்மாந்துறை அரிசி மில் ஒன்றில் லொறி ஓட்டியவர், தாள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வீடு முடியுமட்டும் படி மகள்” என்றார். “ஓடு ஏத்தின அண்டைக்கு மாப்பிள்ள பாக்கத் தொடங்குவம்.”

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் பெண் பிள்ளை பெற்ற வாப்பாமார் எல்லாரும் அரைவாசி மேசன்மார்தான். எங்கள் வளவில், தங்கச்சிக்கு மூத்தவளான எனக்கான வீட்டுக்கு அப்போது அத்திவாரம் போட்டாகிவிட்டது. வாப்பா வேலையால் வந்து, ஒரு மேசனை வைத்துக்கொண்டு, தானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கல் வைப்பார். இப்படியாக என் படிப்புக்கும் என் வீட்டுக்கும் போட்டி தொடங்கியது. வீடு முந்தினால் கொழும்பு இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாப்பா எனக்காகக் கட்டும் வீடு சுணங்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் நான் துஆக் கேட்டேன். மணல் லொறி வராவிட்டால் சந்தோஷப்பட்டேன். மழை பெய்தால் இன்னும் சந்தோஷம்.

ஆனால் நான் படித்ததும் அந்த வீட்டுக்குள்தான். மத்தியான லுஹர் தொழுது, சோறு தின்ற பிறகு, நாலு பக்கமும் சுவர் எழும்பிக்கொண்டிருந்த என் அறைக்குள் பாயைப் போட்டுக் கிடப்பேன். மேலே கூரை இல்லை, வானம் மட்டும். அடுத்த தெருக்களில் தறிச் சத்தம், அதற்கப்பால் கடல். கொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் நான் எழுதிய பக்கம் வரும். எழுத்து நீலம், ஓரத்தில் ஒரு படம். காணாத ஒன்றை நினைத்துப் பார்ப்பதில் எவ்வளவு சுகம்! சேர்வர் என்ற சொல் எனக்குக் குளிரான ஓர் அறையாகத் தெரிந்தது. அதற்குள் நித்திரை கொள்ளாத ஒருத்தி இருந்தாள். உலகத்தில் எவர் எதைக் கேட்டாலும் எழும்பிப் போய், தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பாள். சில நாட்களில் அவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே அயர்ந்துபோவேன். முகத்தில் வெயில் விழுந்தால்தான் விழிப்பேன். பிறகு பதறிக்கொண்டு பர்தாவை மாட்டி, பாண்டிருப்பைக் கடந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் தொற்றி, ஒரு மணித்தியாலத்துக்குள் கொப்பியில் உள்ளதையெல்லாம் தட்டி முடிக்க வேண்டும்.

பதினான்காவது கிழமையில் மாட்டுப்பட்டேன். பின்னால் நிற்கும் புரோகிராம் பதில் சொல்ல மாட்டேன் என்றது. மூன்று கிழமை கோடு போடவில்லை. அந்த நாட்களில் வீடும் ஜன்னல் மட்டத்தில் நின்றுவிட்டது. “சீமெந்துத் தட்டுப்பாடு” என்றார் வாப்பா. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிழை ஓர் அரைப்புள்ளியில் இருந்தது. அது பிடிபட்ட கிழமை துள்ளிக்கொண்டு இரண்டு கிழமைப் பாடத்தை முடித்து இரண்டு கோடு போட்டேன். அடுத்த நாளே மேசன் வந்து நிற்கிறான்! நாசமாய்ப் போன சீமெந்து இப்போதா வர வேண்டும் என்று எனக்கு வயிறெரிந்தது.

கடைசிக் கிழமைக்குக் காக்கா கொடுத்த வேலை, சொந்த இடத்தைப் பற்றி ஒன்று செய்வது. நான் எங்கள் தெருவைச் செய்தேன். ஓர் ஆளின் பெயரைத் தட்டினால் அவருடைய வீடு எது என்று பக்கம் சொல்லும். புதிய ஆளையும் பதியலாம். சுவர்கள் முடிந்து, கூரை மரமும் ஏறி, ஓடு மட்டும் மிச்சமாக இருந்த நாளில் வாப்பாவும் நானும் கொழும்புக்குப் போனோம்.

கம்பனி என்றால் மூன்று அறைதான். என்னிடம் கேள்வி கேட்க வந்தவர் யாழ்ப்பாணத்து இளம் ஆள். அன்னிய ஆணோடு மகளைத் தனியே விடுவாரா வாப்பா? கதவடியில் கதிரை போட்டு இருந்துகொண்டார். அங்கேதான் இன்டர்நெட்டை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு பெட்டி கீச்சிட்டது, பிறகு ஒரு பக்கம் மேலிருந்து கீழாக மெதுமெதுவாக இறங்கி வந்தது. நான் பாயில் கிடந்து கண்டதும் இப்படித்தான் இருந்தது. கண் கலங்கிவிட்டது. அவர் காணாதபடி துடைத்துக்கொண்டேன்.

பிளொப்பியைப் போட்டு என் தெருவைக் காட்டினேன். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் வந்தது. அவர் தலையாட்டினார். “என்னையும் பதிஞ்சு பாப்பம் தங்கச்சி” என்று தன் பெயரைத் தட்டினார். ஆண் என்று போட்டார். கலியாணம் இல்லை என்று போட்டார். தாயின் பெயர் கேட்டது.

“அம்மா இல்லை, செத்துப் போனா” என்று சொல்லி அந்த இடத்தை விட்டுவிட்டு அழுத்தினார்.

வீடு இல்லை, பதிய முடியாது என்று வந்தது.

அவர் திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் அதேதான். “நான் வெள்ளவத்தையில ஒரு அறையில இருக்கிறன். அதைப் போட ஏன் இடமில்லை?”

என் டேட்டாபேஸில் வீடுகள் எல்லாம் பெண்களுக்குக் கீழேதான் இருந்தன. கலியாணம் முடித்த ஆணுக்கு மனைவியின் வீடு, முடிக்காதவனுக்கு உம்மாவின் வீடு. வேறு விதமாகவும் மனிதர் இருப்பார்கள் என்று முப்பது கிழமையில் ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை.

கதவடியில் இருந்து வாப்பா சொன்னார்: “புரோகிராமில பிழயில்ல தம்பி. நீங்க ஒரு கலியாணத்த முடிங்க, வீடு தானா வரும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, “ஒரு மணித்தியாலம் தாறன். திருத்துங்கோ” என்று எழும்பிப் போனார்.

திருத்துவது பெரிய வேலையில்லை. வீடு என்ற இடத்தை வெறுமையாக விட்டாலும் ஆளை ஏற்றுக்கொள் என்று சொல்ல வேண்டும். செய்தேன். செய்ததைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். என் பெயரைத் தட்டினேன். பெண் என்று போட்டேன். வீடு என்று கேட்ட இடத்தில் கை நின்றது. வாப்பா எழும்பி வந்து எனக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. இங்கிலீஷ் தெரியாதவர் என்றாலும் வெறும் இடம் எவருக்கும் தெரியும். வெறுமையாகவே விட்டு அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது. வாப்பா கதிரைக்குத் திரும்பிப் போனார்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். பஸ் மகியங்கனை மலை வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. எனக்கோ சந்தோஷத்தை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை, குற்ற உணர்வை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

“வெறுமையா விட்டாய், பாத்தன்” என்றார் வாப்பா.

“வாப்பா…”

“அழாத. உன்ட காக்காவும் அப்பிடித்தான் சவூதிக்கு வெறுமையாப் போனான். வீட்ட உன்ட தங்கச்சிக்கு எழுதுவம். உனக்கு வேற ஒண்டு புறகு பாப்பம்.”

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். வீடு சுணங்கத் துஆக் கேட்டதை, சீமெந்து வராததற்கு நன்றி சொன்னதை, எல்லாவற்றையும்.

வாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரித்தார். “என்ன சீமெந்துத் தட்டுப்பாடு? பத்துப் பக்கற் மில்லுல கிடந்திச்சு. மேசன் கேட்டான், சாமானும் கிடக்கு, ஆளும் நிக்கிறன், ஏன் வேலய நிப்பாட்டினீங்க எண்டு. மகள் இன்னும் கோடு போடல்ல எண்டு சொன்னன். நீ ஒரு கோடு போட்டா நான் ஒரு வேல செய்வன். அவ்வளவுதான்.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுமாரிக் கதவடியில் அவர் நிற்பதைக் கண்டிருக்கிறேன். தலை வாரக் கண்ணாடி பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதவடிக்குத்தான் போனேன். காட்டிவிட்டு வந்து போடலாம் என்று விட்ட முப்பதாவது கட்டம் இன்னும் மிச்சம். பேனையை எடுத்தேன், ஆனால் கை வரவில்லை. முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த வாப்பா, “போட்டாச்சா மகள்?” என்று கேட்டார். அந்தக் குரலில் அவசரமே இல்லை. கோட்டைப் போட்டேன். கொஞ்சம் வளைந்துவிட்டது.

ஓடு ஏறிய நாளில் நான் ஊரில் இல்லை. தங்கச்சி கொழும்புக்குக் கடிதம் எழுதியிருந்தாள். நான் பாய் போட்டுக் கிடந்த இடத்துக்கு நேர் மேலே வாப்பா தன் கையால் ஒரு கண்ணாடி ஓடு வைத்தாராம். ஏன் என்று மேசன் கேட்டதற்கு, மூத்தவள் வந்து படுத்தால் வானம் தெரிய வேண்டும் என்றாராம்.