நேராகப் போன பந்து

எங்கள் சித்தி இந்தியாவுக்காகப் பந்து உருட்டியவள் என்று சொன்னால் இன்றும் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். லான் பவுல்ஸ் என்றால் அது என்ன என்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. சித்திக்கு எவ்வளவு அலுத்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சித்தி கடலூரில் எங்களோடு இருந்தாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்த ஆட்டத்துக்கு வேண்டிய புல்தரை எங்கள் பக்கத்தில் எங்கும் கிடையாது. பயிற்சி முகாமுக்கு வடக்கே ரயிலேற வேண்டும். நான் ஐந்தாவது படித்தபோது வெளிநாட்டில் ஆடி வெண்கலப் பதக்கத்தோடு வந்தாள். அடுத்த முகாமுக்குப் போகாவிட்டால் அணியில் இடம் இல்லை. லீவு கேட்டதற்கு, "வேலைய விட்டுட்டுத் தாராளமா போங்க" என்றார் பள்ளித் தாளாளர்.

மாமா கீரப்பாளையத்தில் கல்யாணங்களுக்கு நாற்காலி, கம்பளம் வாடகைக்கு விடுகிறவர். அங்கே ஒரு மண்டபத்தில் சித்திக்குப் பாராட்டு விழா வைத்து, தாளாளரையே தலைமை தாங்கக் கூப்பிட்டுவிட்டார். மேடைக்கு முன்னால் தன் பச்சைக் கம்பளத்தை நீளமாக விரித்து, "ஆட்டத்த நேர்ல பாத்தா மனுசன் கரைஞ்சிடுவாரு" என்றார்.

வாரம் முழுக்க ஆண்டு விழா டிரில்லுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த சித்தியைப் பட்டுப்புடவை கட்டவைத்து அழைத்துப்போனோம். அம்மா ஆயுத பூஜை மாதிரி எல்லாப் பந்துகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். சித்தி ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் துடைத்தாள்.

கம்பளத்தின் எதிர்முனையில் ஒரு வெள்ளைக் குட்டிப் பந்து. உருட்டுகிற பந்து அதை ஒட்டிப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்தப் பந்தை ஒரு பக்கம் சாயும்படி செய்திருப்பார்கள். வேகம் குறையக் குறைய வளையும். அதனால் விலக்கித்தான் உருட்ட வேண்டும். இது சித்திக்குத் தெரியும், மண்டபத்துக்குத் தெரியாது.

முதல் பந்து நாற்காலி வரிசைப் பக்கமாகப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அது வீட்டைக் கண்ட மாடு போல மெதுவாகத் திரும்பிவந்து வெள்ளைப் பந்தின் பக்கத்தில் நின்றது. அதற்குள் தாளாளர் செல்போனை எடுத்துவிட்டார். இரண்டாவதும் அப்படித்தான் போனது, அப்படித்தான் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா குனிந்து, "ஏம்மா, நேராத்தான் போடேன். அவுரு கெளம்பிடப் போறாரு" என்று கெஞ்சினார்.

சித்தி மாமாவைப் பார்த்தாள், தாளாளரைப் பார்த்தாள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி அடுத்த பந்தை விட்டாள். பந்து வளைய நேரமே இல்லை. நேராகப் போய் மோதியது. அருகில் நின்ற இரண்டு பந்துகளும் சிதறின. வெள்ளைப் பந்து எகிறி மேடையோரக் குத்துவிளக்கைச் சாய்த்தது.

மண்டபமே கை தட்டியது. தாளாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"இதுல்ல ஆட்டம்! போய்ட்டு வாங்க டீச்சர், லீவ நான் பாத்துக்கறேன்."

உள்ளங்கை சிவக்கும்வரை நானும் தட்டினேன். மாமா எனக்கு இரண்டு கோன் ஐஸ் வாங்கித் தந்தார்.

சிதம்பரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் கேட்டேன், "மொதல்லயே அப்பிடிப் போட்டிருக்கலாம் இல்ல சித்தி?"

"போட்டிருக்கலாம்" என்றாள். பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் பார்த்தால் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. லீவுதான் கிடைத்துவிட்டதே என்று யோசித்தேன். ரோட்டுத் தூசி விழுந்திருக்கும் என்று தோன்றியது. சித்தி விழித்துக்கொள்ளாதபடி எட்டி, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.