நோர்மன் அரசனின் நிலக்கணக்கும் அக்காவின் வயலும்

லண்டன் பரீட்சைக்குச் சரித்திரம் படிக்கிறேன் என்று தலையைக் கொடுத்தது நான்தான். யாரைக் குறை சொல்ல? இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன் அரசன் ஊர் ஊராய் ஆளனுப்பி நிலம், ஏர், பன்றி வரை எழுதுவித்தானாம். அதில் நிலத்துக்கு 'ஹைட்' என்று ஓர் அளவு. அது எத்தனை ஏக்கர்? ஒரு சரித்திரகாரர் ஒரு தொகை சொல்கிறார். அடுத்தவர், அது பரப்பே இல்லை, வரி போட வைத்த கணக்கு என்கிறார். இன்னொருவர், ஒரு குடும்பம் பிழைக்கப் போதிய நிலம், ஊருக்கு ஊர் மாறும் என்கிறார். எல்லாம் வாசித்து எனக்கு மண்டை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கலியாணப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் சீதன வயலைப் பெண்ணின் பெயருக்கே எழுதுவார்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டையில் ஐந்து அவணம் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதாவது, ஐந்து அவண நெல் விதைக்கிற வயல். நாங்கள் நிலத்தை விதைநெல்லால்தான் சொல்வோம். நாவற்குடா மாப்பிள்ளையின் தாய்மாமனோ, தம் வயலில் ஓர் அவணம் பிடிக்கும் பரப்பைக் கொண்டே அதை ஏக்கராக்கி வைத்துக்கொண்டு, நில அளவையாளரைக் கூட்டிவந்து சங்கிலி பிடித்துவிட்டார். இரண்டு ஏக்கர் குறைந்தது.

நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையும் கூடவே வந்து ஒரு மூலையில் இருந்தார்.

"ஏமாத்திப்போட்டீங்க. இந்தக் கலியாணம் சரிவராது!" என்று மாமன்காரர் குதித்தார்.

"எங்கட மண்ணில நெருக்கி விதைக்கணும். ஐஞ்சு அவணம் விதைச்சுக் காட்டுறன், வாங்க!" என்று அப்பா கத்தினார்.

மாமன்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்ச ஆள். ஒரு அவணம் எத்தின ஏக்கர்? நீங்களே சொல்லுங்க."

அப்பா சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி போலிருந்தது. "இங்கிலாந்தில ஒரு ராசா..." என்று தொடங்கிவிட்டேன். ஐயோ, என்ன புத்தியோ! நெல்லையும் வரியையும் பன்றியையும் குடும்பத்தையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பினேன்.

"அந்த ராசாட பண்டிக் கணக்கு இஞ்ச ஆருக்குடா வேணும்?" என்று அப்பா சீறினார்.

அக்காவின் கலியாணம் என் கண்முன்னே குழம்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அறைக்கதவைத் திறந்துகொண்டு அக்காவே வந்தாள். "ஒள்ளுப்பம் பொறுங்க. வயல் எண்ட பேருக்கு வாறது. எவ்வளவு விதைக்கிறதெண்டு நான் பாத்துக்கொள்ளுவன். ஏக்கர்தான் வேணுமெண்டா, அவர் ஏக்கரையே கலியாணம் முடிக்கட்டும்."

மாமன்காரர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "வாங்க மருமகன், போவம்."

மாப்பிள்ளை அசையவில்லை. "நீங்க போங்க மாமா. நான் இவங்களோட கதைச்சிட்டு மறுகா வாறன்" என்றார்.